ஸ்டேஷனில் அடி வாங்கியவர் இழப்பீடு கேட்க எங்கே போவது? ஆணையமா, ஹைகோர்ட்டா, சிவில் கோர்ட்டா?

"எங்கே போனால் பணம் அதிகம் கிடைக்கும்?" போலீஸ் அடித்துவிட்டது என்று வருபவரும், அவருக்காக வருகிற அண்ணனோ மாமாவோ யாராக இருந்தாலும், முதலில் கேட்பது இதைத்தான். கேள்வியில் தப்பில்லை. கை முறிந்து மூன்று மாதம் வேலைக்குப் போகாதவர் வேறு எதைக் கேட்பார்? ஆனாலும் அதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். சம்பவம் நடந்து எத்தனை நாள் ஆகிறது என்பதுதான் முதல் கேள்வி. ஏன் என்று போகப் போகப் புரியும்.

மூன்று வழியையும் ஒரே மனிதர் வாழ்க்கையில் பார்க்க வேண்டுமென்றால் நம்பி நாராயணன் வழக்கைப் பாருங்கள். நாகர்கோவிலில் பிறந்த இஸ்ரோ விஞ்ஞானி, 1994 நவம்பரில் உளவு பார்த்ததாகக் கேரள போலீஸ் கைது செய்தது, 50 நாள் சிறை. வழக்கே பொய் என்று 1996ல் சிபிஐ அறிக்கை கொடுத்தது. அப்புறம் இழப்பீடு எப்படி வந்தது? தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2001ல் 10 லட்சம் இடைக்கால நிவாரணம் தரச் சொன்னது. அதை எதிர்த்துக் கேரள அரசு ஹைகோர்ட் போனது, 2012ல்தான் அங்கே 'கொடுத்தாக வேண்டும்' என்று முடிந்தது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் கொடுக்கச் சொன்னது. திருவனந்தபுரம் கீழ் கோர்ட்டில் அவர் போட்ட சிவில் வழக்கு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சமரசமாக முடிக்க அரசு 1.3 கோடி தர ஒத்துக்கொண்டு 2020ல் கொடுத்தது. கூட்டினால் 1.9 கோடி. கைதான நாளிலிருந்து கிட்டத்தட்ட 26 வருடம்.

இதில் கவனிக்க வேண்டியது தொகையை அல்ல. அவர் ஒரு வழியை எடுத்து மற்ற வழிகளை விட்டுவிடவில்லை, மூன்றையும் உயிரோடு வைத்திருந்தார். நம்மிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் 'இதுவா அதுவா' என்று யோசித்தே ஒரு வருடத்தைக் கழித்துவிடுகிறார்கள். அதற்குள் இரண்டு கதவு சாத்தியாகிவிடுகிறது.

எதை வைத்து ஒப்பிடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயம்: காலக்கெடு எப்போது முடிகிறது, நம் கையிலிருந்து என்ன போகும், எந்த அளவு ஆதாரம் வேண்டும், உத்தரவு வந்தபின் பணம் நிஜமாகக் கைக்கு வருமா, இந்த வழியில் போனால் இன்னொரு வழி அடைபடுமா. தொகை இந்தப் பட்டியலில் ஏன் இல்லை என்றால், 5 லட்சம் உத்தரவாகி 2 லட்சம் செலவாகிப் பத்து வருடம் கழித்து வருவதும், 1 லட்சம் உத்தரவாகி இரண்டு வருடத்தில் முழுசாக வருவதும் ஒன்றல்ல. மிச்சம் என்ன என்பதுதான் கணக்கு.

| வழி | காலக்கெடு | கைச்செலவு | ஆதாரம் | பெரிய சிக்கல் |
|---|---|---|---|---|
| மனித உரிமைகள் ஆணையம் | 1 வருடம் | மனுவுக்குக் கட்டணம் இல்லை | நடுத்தரம் | உத்தரவை எதிர்த்து ஹைகோர்ட் போவார்கள் |
| ஹைகோர்ட் ரிட் (உரிமை மீறலுக்கு நேராக ஹைகோர்ட்டில் போடும் மனு) | குறிப்பிட்ட கெடு இல்லை, தாமதம் பாதிக்கும் | வக்கீல் ஃபீஸ் | மறுக்க முடியாத ஆவணம் | 'உண்மை நிலை தகராறில் உள்ளது' என்று தள்ளுபடி |
| சிவில் வழக்கு | பல கோரிக்கைகளுக்கு 1 வருடம் | கோர்ட் ஃபீஸ் 3% + வக்கீல் | சாட்சி விசாரணை வழி நிரூபிக்கலாம் | வருடக்கணக்கில் வாய்தா |
| பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் | சீக்கிரம் கேட்பது நல்லது | இல்லை | எஃப்ஐஆர் இருந்தால் சுலபம் | எஃப்ஐஆரே போடாவிட்டால் நின்றுவிடும் |

ஆணையம்

மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1993. தமிழ்நாட்டில் மாநில ஆணையம் 1997லிருந்து இருக்கிறது. வெள்ளைத்தாளில் தமிழில் எழுதிப் போட்டால் போதும், கோர்ட் ஃபீஸ் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. சட்டத்தின் 36வது பிரிவு சொல்வது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சம்பவம் நடந்த நாளிலிருந்து ஒரு வருடம் தாண்டினால் ஆணையம் விசாரிக்கக் கூடாது. 'கிரிமினல் கேஸ் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று யாராவது அறிவுரை சொன்னால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

முன்பெல்லாம் 'ஆணையம் பரிந்துரைதானே செய்யும், பல் இல்லாத சிங்கம்' என்பார்கள். 2021 பிப்ரவரியில் சென்னை ஹைகோர்ட்டின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. 18வது பிரிவின்கீழ் ஆணையம் சொல்வது அரசைக் கட்டுப்படுத்தும், அரசு பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தப்பு செய்த அதிகாரியிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்பது அந்தத் தீர்ப்பு. நமக்கு இது பெரிய வித்தியாசம்.

மறைந்திருக்கும் செலவுக்கு வருவோம். கட்டணம் இல்லை என்றதும் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மாநில ஆணையத்தில் நடப்பது ஏறக்குறைய ஒரு குட்டி விசாரணை. மனுதாரர் சாட்சிக் கூண்டு ஏறுவார், எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார், ஆவணங்களுக்கு நம்பர் போடுவார்கள். வக்கீல் இல்லாமல் போகலாம், சட்டம் தடுக்காது, ஆனால் எதிரே இன்ஸ்பெக்டருக்கு வக்கீல் இருக்கும்போது ஒரு கொத்தனார் தனியாக நின்று பதில் சொல்வது லேசுப்பட்டதல்ல. சென்னை போய்வர பஸ் செலவு, கூட வரும் சாட்சியின் ஒரு நாள் கூலி, இரண்டையும் நீங்கள்தான் தர வேண்டும். சில ஊர்களில் முகாம் அமர்வு நடக்கும். உங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்தில் எங்கே என்று கேட்டு மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

அதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உத்தரவு உங்கள் பக்கம் வந்ததும் அந்த போலீஸ்காரர் ஹைகோர்ட்டில் ரிட் போட்டுத் தடை வாங்குவார். அந்த வழக்கில் நீங்கள் எதிர்மனுதாரர். நோட்டீஸ் வந்தது என்று பெட்டியில் வைத்துவிட்டால் ஒருதலைப்பட்சமாக உங்கள் உத்தரவு போய்விடும். ஆகவே ஆணையத்துக்கு வக்கீல் வைக்காமல் மிச்சப்படுத்திய பணத்தை அங்கே வைக்க எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் இலவச சட்ட உதவிக்கு அப்போதே எழுதிக் கொடுங்கள்.

தேசிய ஆணையமா, மாநில ஆணையமா? இரண்டுக்கும் ஒரே நேரத்தில் எழுதாதீர்கள். ஒரு இடத்தில் விசாரணையில் இருப்பதை இன்னொன்று எடுக்காது, இரண்டு கோப்புமே ஒன்றையொன்று காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். காவலில் மரணம் என்றால் 24 மணி நேரத்துக்குள் தேசிய ஆணையத்துக்கு அதிகாரிகளே தகவல் தர வேண்டும் என்பது 1993லிருந்து உள்ள வழிகாட்டுதல், ஆக அங்கே கோப்பு ஏற்கெனவே திறந்திருக்கலாம். முதலில் அதை விசாரியுங்கள். பெரிய எண்ணிக்கையில் ஆட்கள் பாதிக்கப்பட்டு, இரண்டு மாநில போலீஸ் சம்பந்தப்பட்டது என்றால் தேசிய ஆணையம்தான் சரி. வீரப்பன் தேடுதல் வேட்டையில் அதிரடிப்படையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு, சதாசிவா குழு விசாரணைக்குப் பிறகு, 2007ல் 89 பேருக்கு 2.80 கோடி தரச் சொன்னது அதுதான்.

ஹைகோர்ட் ரிட்

அரசியலமைப்பின் 226வது பிரிவு. இந்த வழிக்கு அடித்தளம் போட்டது 1983ல் ரூதுல் ஷா வழக்கு. விடுதலை ஆன பிறகும் 14 வருடம் பீகார் சிறையில் வைத்திருந்த மனிதருக்கு உச்ச நீதிமன்றம் 30,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது (அதற்கு முன் 5,000 கொடுத்திருந்தார்கள்). 14 வருடத்துக்கு 35,000. தொகையைப் பார்த்தால் வயிறு எரியும். ஆனாலும் அடிப்படை உரிமை மீறலுக்கு நேராகப் பணமே கொடுக்கச் சொல்லலாம் என்ற கதவு அங்கேதான் திறந்தது. 1993ல் நிலாபதி பெஹரா வழக்கு அதை உறுதியாக்கியது: ஒடிசாவில் காவலில் இறந்த 22 வயது மகனுக்காகத் தாய் எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்து 1.5 லட்சம் கொடுக்கச் சொன்னார்கள். 'அரசுக்கு இறையாண்மைப் பாதுகாப்பு உண்டு', அதாவது ஆட்சி அதிகாரத்தில் செய்ததற்கு அரசிடம் இழப்பீடு கேட்க முடியாது என்ற வாதம் இந்த வகை வழக்கில் செல்லாது என்றும் சொன்னார்கள்.

ரிட் எப்போது வேகமாக ஓடும்? உண்மை யாரும் மறுக்க முடியாதபடி வெளியே தெரிந்திருக்கும்போது. 2025 ஜூன் கடைசியில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் விசாரணையில் இறந்தாரே, அதில் அடித்த வீடியோ இருந்தது, மாவட்ட நீதிபதியே விசாரித்தார். அரசு கொடுத்திருந்த 7.5 லட்சத்துக்கு மேல் இன்னும் 25 லட்சம் இடைக்கால இழப்பீடு தர மதுரைக் கிளை ஜூலையிலேயே உத்தரவிட்டது. ஒரு மாதத்துக்குள்.

வீடியோ இல்லை, காயச் சான்றில் 'கீழே விழுந்ததாகச் சொன்னார்' என்று எழுதியிருக்கிறது, ஸ்டேஷன் ரெஜிஸ்டரில் உங்கள் பெயரே இல்லை என்றால் அதே ஹைகோர்ட், 'இதைச் சாட்சி விசாரித்துத்தான் முடிவு செய்ய முடியும், சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்' என்று அனுப்பிவிடும். அனுப்பும்போது இரண்டு வருடம் ஓடியிருக்கும். அங்கே காலக்கெடு? அதுதான் வலி.

செலவென்று பார்த்தால் கோர்ட் ஃபீஸ் சொற்பம். வக்கீல் ஃபீஸ்தான் கணக்கு. ஜெயித்தாலும் அரசு மேல்முறையீடு போகும், அதற்குத் தனி ஃபீஸ். பணம் கட்டாவிட்டால் அவமதிப்பு மனு போட வேண்டும், அதற்கும் ஒரு வருடக் கெடு. ஆக 'ரிட்டுக்கு எவ்வளவு' என்று கேட்காமல், மேல்முறையீடு, அவமதிப்பு மனு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று, ரிட்டில் முதலில் நுழைந்தால் ஆணையம் 'விஷயம் கோர்ட்டில் நிலுவையில் உள்ளது' என்று உங்கள் மனுவை மூடிவிடும். தலைகீழாக வந்தால் அந்தப் பிரச்சினை இல்லை. ஆணையத்தின் விசாரணை அறிக்கையே பின்னால் ரிட்டுக்கு நல்ல ஆதாரம். ஆதாரம் பலமாக இல்லாதவர்களுக்கு நான் இந்த வரிசையைத்தான் சொல்வேன்.

சிவில் வழக்கு

பெரிய தொகைக்கு இதுதான் வழி என்பது உண்மை. இழந்த சம்பளம், மருத்துவம், மானம், எதிர்கால வருமானம் எல்லாவற்றையும் கேட்கலாம், நிரூபிக்கலாம். ஆனால் சாதாரணக் குடும்பத்துக்கு நான் இதைச் சிபாரிசு செய்யத் தயங்குவேன்.

காலக்கெடுவைப் பாருங்கள். சட்டவிரோதமாக அடைத்து வைத்ததற்கு, வெளியே வந்த நாளிலிருந்து ஒரு வருடம். பொய் வழக்கு போட்டதற்கு, விடுதலையான நாளிலிருந்து ஒரு வருடம். அடித்ததற்கு மூன்று வருடம் என்று சிலர் சொல்வார்கள், நம்பி உட்காராதீர்கள். 'சட்டப்படி கடமை செய்தபோது நடந்தது' என்று போலீஸ் தரப்பு சொன்னால் அதற்கும் ஒரு வருடம்தான் என்று வாதாட 1963ஆம் வருடக் காலவரையறைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. மரணத்துக்கு இரண்டு வருடம். அரசு மேல் வழக்குப் போட முதலில் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நல்லவேளை, அந்த இரண்டு மாதம் கெடுவில் சேராது.

கோர்ட் ஃபீஸ் தமிழ்நாட்டில் 7.5 சதவீதமாக இருந்து 2017ல் 3 சதவீதமானது. 10 லட்சம் கேட்டால் 30,000 கட்ட வேண்டும். கையில் இல்லை என்றால் பாப்பர் மனு (ஏழை என்று காட்டி, ஃபீஸ் கட்டாமல் வழக்கு நடத்த அனுமதி கேட்பது) போடலாம், ஆனால் அந்த மனுவிலேயே 'இவருக்கு ஓட்டு வீடு இருக்கிறது, பைக் இருக்கிறது' என்று அரசுத் தரப்பு விசாரணை நடத்தும். அதற்கே நாள் போகும். தோற்றால் எதிர்த்தரப்புச் செலவையும் உங்கள் தலையில் கட்டலாம். ஒரு நல்ல செய்தி, சமரசத்தில் முடிந்தால் கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்ப வரும். கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகப் பேசி முடித்தாலும் வரும் என்று 2021ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இறையாண்மைப் பாதுகாப்பு என்ற பழைய பூதமும் இங்கே உயிரோடு இருக்கிறது. 1947ல் மீரட்டில் ஒரு நகை வியாபாரியிடம் பிடித்த தங்கத்தை ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள், தலைமைக் காவலர் அதை எடுத்துக்கொண்டு பாகிஸ்தான் போய்விட்டார், வியாபாரி அரசு மேல் வழக்குப் போட்டார். கஸ்தூரிலால் வழக்கு என்று பெயர். அரசு பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ரிட்டில் அது எடுபடாது, சிவில் கோர்ட்டில் அரசு வக்கீல் இன்றும் அதைத் தூக்கிக்கொண்டு வருவார்.

ரிட்டிலோ ஆணையத்திலோ ஏற்கெனவே வாங்கிய தொகையை சிவில் கோர்ட் கழித்துக்கொள்ளலாம், அதையும் கணக்கில் வையுங்கள். நிலையான வேலை போய்விட்டது, வருமானக் கணக்கு காகிதத்தில் இருக்கிறது, பத்து வருடம் தாங்க ஆள்பலம் உண்டு என்றால் போடுங்கள்.

இந்த மூன்றிலும் சேராத பணம்

முதலில் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357-ஏ பிரிவில் இருந்ததுதான் இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 396வது பிரிவு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு, இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்று சட்டம். பெண்களுக்கு 2018 தேசியத் திட்டத்தில் தொகையே வரையறுத்திருக்கிறது. உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம், பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம். மேலே சொன்ன எதற்கும் இது தடையில்லை.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி, குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பிரிவுகளைச் சேராதவர் என்றால் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் வன்கொடுமைத் தடுப்பு விதிகளைப் பாருங்கள். 2016 திருத்தப்படி மரணத்துக்கு 8.25 லட்சம், பாதி பிரேதப் பரிசோதனை முடிந்ததும், பாதி குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும். தண்டனை வரை காத்திருக்க வேண்டாம். சட்டச் செலவைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிற நம் சட்டம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்: சாட்சிக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் பயணப்படி, தினப்படி உண்டு, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் கலெக்டர் ஒரு மூத்த வக்கீலை நியமித்து ஃபீஸையும் அரசே தரலாம். கேட்காவிட்டால் யாரும் தர மாட்டார்கள். எழுதிக் கேளுங்கள்.

கிரிமினல் கோர்ட் வழியாகவே வரும் என்று காத்திருக்கலாமா? தர்மபுரி மாவட்டப் பழங்குடி கிராமம் வாச்சாத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூனில் நடந்த கொடுமை, 269 அதிகாரிகள் மேல் வழக்கு, 2011ல் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை, 2023 செப்டம்பரில் ஹைகோர்ட் அதை உறுதி செய்து பாலியல் வன்முறைக்கு ஆளான 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் தரச் சொன்னது, அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கச் சொன்னது. 31 வருடம். வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் அதையே ஒரே திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது. காரணமில்லாமல் கைது செய்ய வைத்தவரிடமிருந்து வாங்கித் தர இன்னொரு பிரிவும் இருக்கிறது, உச்சவரம்பு ஆயிரம் ரூபாய். சிரித்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.

அப்புறம் சட்டப் புத்தகத்தில் இல்லாத வழி: 'உட்கார்ந்து பேசி முடித்துக்கலாம்.' ஊர்ப் பெரியவர் மூலம் தொகை வரும், சில நேரம் ஆணையம் தருவதை விடக் கூட. உங்கள் மேல் பதிலுக்குப் போட்ட கேஸை எடுத்துவிடுவோம் என்பார்கள். வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அதே ஊரில் நாளைக்கும் வாழ வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் 'எனக்கு யார் மேலும் புகார் இல்லை' என்று கையெழுத்துப் போடுகிற அந்தத் தாள், பின்னால் நீங்கள் எந்தப் படி ஏறினாலும் முதல் ஆவணமாக எதிர்த்தரப்பிலிருந்து வரும்.

வக்கீல் செலவு

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இழப்பீட்டைத் தனியாகவும், வழக்குச் செலவைத் தனியாகவும் கணக்குப் போட்டுத் தரும். நம்மிடம் அந்தப் பழக்கம் இல்லை. நிலாபதி பெஹரா வழக்கில் 10,000 ரூபாய் செலவுத்தொகை உத்தரவானது, அதுவும் உச்ச நீதிமன்ற சட்ட உதவிக் குழுவுக்குப் போனது. ஆக உங்கள் செலவு உங்கள் இழப்பீட்டிலிருந்துதான் போகும் என்று நினைத்தே கணக்குப் போடுங்கள்.

'ஃபீஸ் வேண்டாம், வருவதில் பாதி கொடுத்துடுங்க' என்று யாராவது சொன்னால், பார் கவுன்சில் விதிப்படி அது கூடாது. தொகை நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும்படி மனுவிலேயே கேளுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 15100க்குப் போன் செய்தால் போதும். இலவச வக்கீல் என்றால் சரியாக நடத்த மாட்டார் என்ற பேச்சு உண்டு. சில நேரம் உண்மைதான், சில நேரம் ஐம்பதாயிரம் வாங்கியவரும் அப்படித்தான்.

சரி, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

மரணம், அல்லது வீடியோ, மாஜிஸ்திரேட் அறிக்கை போல அசைக்க முடியாத ஆதாரம் இருக்கிறது: ரிட். காயம் இருக்கிறது, ஆதாரம் அரைகுறை, ஒரு வருடம் ஆகவில்லை: ஆணையம், இந்த வாரமே. ஒரு வருடம் தாண்டிவிட்டது: ஆணையத்தில் நேரத்தை வீணாக்காதீர்கள், தாமதத்துக்கு நியாயமான காரணம் சொல்ல முடிந்தால் ரிட். பொய் வழக்கில் விடுதலை ஆகியிருக்கிறீர்கள்: விடுதலைத் தேதியிலிருந்து காலண்டரில் பதினொரு மாதத்தைக் குறித்து வைத்துக்கொண்டு சிவில் நோட்டீஸ் பற்றி வக்கீலிடம் பேசுங்கள். இவை எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இலவசத் திட்டங்கள் ஓடட்டும்.

எந்த வழியாக இருந்தாலும் இரண்டு காகிதம் உடனே வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் 'போலீஸ் அடித்தது' என்று வாய்விட்டுச் சொல்லி எழுத வைத்த ஏ.ஆர். (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) காப்பி ஒன்று. இன்னொன்று ஸ்டேஷன் சிசிடிவி பதிவைப் பாதுகாக்கச் சொல்லும் மனு. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைத்துப் பதிவை 18 மாதம், முடியாவிட்டால் ஒரு வருடமாவது வைத்திருக்கச் சொல்லியிருக்கிறது. மனுவை எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஸ்டேஷன் பெயர், உள்ளே கூட்டிப்போன நேரம், வெளியே விட்ட நேரம் மூன்றையும் எழுதுங்கள். எந்த நாள், எத்தனை மணி என்று சொல்லாத மனுவுக்கு 'அப்படிப் பதிவு எதுவும் இல்லை' என்று பதில் எழுதுவது அவர்களுக்கு ரொம்பச் சுலபம்.